பேச்சுப் பிந்திய குழந்தையும் பெற்றோர் கடனும்

எண்வழிப் பாதையின்கண் நல்வாய்மை மூன்றாவதாக வைத்து எண்ணப்பெறுகிறது. பொய், கோள், கடுஞ்சொல், பயனில்சொல் ஆகிய நான்கையும் நீக்குதலே அதன் பொருள் என்று நம் சங்கக் கூட்டங்களில் பலகாலும் கேட்டிருக்கிறோம். இந்நான்கும் பேச வல்லார்க்கு உரியவை. நா எழாத ஒருவர்க்கு இவ்வறம் எவ்வாறு பொருந்தும்? இரண்டாண்டு நிரம்பியும் 'அம்மா' என்னும் ஒரு சொல்லும் வாராத குழந்தை நம் வீட்டில் இருக்குமாயின், அக்குழந்தையைப் பொறுத்தவரை நல்வாய்மை யாருடைய கடன்? இவ்வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. பேசுதல் என்பது வாய் திறப்பவர் ஒருவரின் தொழில் என்று கொண்டுவிட்டமையே அதற்குக் காரணம். உண்மையில் அது இருவர் தொழில். ஒருவர் குறிப்புக் காட்ட, மற்றவர் அதனை ஏற்றுக்கொள்ளும்போதுதான் பேச்சு நிகழ்கிறது. காட்டுபவர் தளர்ந்தவராயின் ஏற்பவரின் பொறுப்பு மிகுகிறது என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல முற்படுவது.

தில்லி மாநகரின் தென்பால் லக்ஷ்மிபாய் நகர் என்னும் அரசு ஊழியர் குடியிருப்பு உளது. ஐ.என்.ஏ. சந்தை, சரோஜினி நகர், கிட்வாய் நகர் ஆகியவை அதன் அண்டை. மத்திய அரசுப் பணியின் பொருட்டுத் தமிழகத்தினின்று சென்ற குடும்பங்கள் பல்லாண்டுகளாக அவ்வட்டாரத்தில் வாழ்ந்து வருகின்றன; தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று அங்கேயே நடைபெறுவது அதற்குச் சான்று. அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் சப்தர்ஜங் மருத்துவமனையும் தொலைவில் இல்லை. ஆகவே குழந்தைக்கு அறிவு வளர்ச்சியில் குறை உண்டா, இன்ன குறையா என்று தெரிந்துகொள்ள வேண்டிய மருத்துவம் அக்குடியிருப்பினர்க்கு எட்டாததன்று. ஆயினும் குறையின் பெயரை அறிவது வேறு. அறிந்த மறுநாட் காலையில் அக்குழந்தையோடு எவ்வாறு உறவாடுவது என்று அறிவது வேறு. தந்தை அலுவலகம் சென்றுவிடுகிறார். பாட்டியும் அத்தையும் வேலூரிலோ திருநெல்வேலியிலோ இருக்கின்றனர். அண்டை வீட்டார் அன்புடையவர்களே, ஆனால் இந்தி பேசுகிறவர்கள். தாயும் குழந்தையும் தனித்திருக்கும் அவ்வீட்டிற்குத் தொலைபேசி வழியாக ஊரிலிருந்து இரண்டு ஆறுதல்கள் வருகின்றன. ஒன்று, 'பொறுத்திரு, பேச்சு தானே வரும்' என்பது. மற்றொன்று, 'எல்லாம் முன்வினை, என்ன செய்வது' என்பது. இவ்விரண்டும் ஆறுதல் போலத் தோன்றினும் குழந்தையின் முதல் மூன்றாண்டுகளை விழுங்கிவிடும் ஆற்றல் உடையவை. பின்னதை முதலிற் காண்போம்.

மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன் பகவன் புத்தரை அணுகி, மனிதன் நுகரும் இன்பதுன்பமெல்லாம் முன் செய்த வினையால் வருவனவே என்று சிலர் கூறுகின்றனரே, அது மெய்யோ என்று வினவிய வரலாறு சம்யுத்த நிகாயத்தில் உளது. பகவன் அதனை ஒப்பவில்லை. பித்தத்தால் வருவனவும் உள. கோழையால் வருவனவும் வாதத்தால் வருவனவும் இம்மூன்றின் கூட்டால் வருவனவும் உள. பருவ மாறுதலாலும், ஒவ்வாத நடையாலும், பிறர் செய்யும் இடையூற்றாலும் வருவனவும் உள. வினைப்பயனாய் வருவனவும் உள என்று எட்டு வகை கூறி, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஏற்றுவோர் தாமும் அறியாதது, உலகமும் ஒப்பாதது ஆகிய ஒன்றைக் கூறுகின்றனர் என்று முடித்தார். மருத்துவன் தேட வேண்டிய காரணத்தை மருத்துவனிடமே விட்டுவைத்த பெருமை அவ்விடையில் இருக்கிறது. டவுன் சின்ட்ரோம் என்னும் நிலைக்குக் காரணம் இருபத்தொன்றாம் குரோமோசோம் இரண்டுக்கு மூன்றாக அமைதலே என்பதைப் பிரெஞ்சு நாட்டு லெழேனும் உடன் உழைத்தோரும் 1959-இல் வெளியிட்டனர். பிறவியிலேயே தைராய்டு சுரப்புக் குன்றியிருத்தல், பிரசவத்தின்போது மூச்சுத் திணறல், கடும் மஞ்சட்காமாலை, மூளையுறைக் காய்ச்சல் ஆகியவையும் அறிவு வளர்ச்சியைத் தடுப்பன. இவற்றுள் தைராய்டுக் குறையைப் பிறந்த சின்னாட்களில் கண்டு மருந்து கொடுத்தால் பெருங்கேடு நீங்கும். அதனையும் முன்வினை என்று விட்டிருந்த வீடுகள் எத்தனையோ!

இக்கூற்றை நம்மனோர் சொல்லக் கேட்கும்போதுதான் நமக்கு வியப்பு மிகுகிறது. சேரியிற் பிறந்தது உன் வினை, இழிதொழில் உன் வினை, கல்வி மறுக்கப்பட்டதும் உன் வினை என்று நம் முன்னோரை நோக்கிச் சொன்னவர்கள் கையிலிருந்த கருவி இதுவேயன்றோ? 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் தம்மம் ஏற்ற பாபாசாகேப் அம்பேத்கர், அடுத்த ஆண்டு, அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில் முற்பிறப்பின் வினை இப்பிறப்பின் நிலையை விதிக்கும் என்னும் கொள்கையை மறுத்தே எழுதினார். நம்மேல் எறியப்பட்டபோது நாம் ஏற்க மறுத்த சொல்லை, மறுத்துரைக்க வாயில்லாத ஒரு குழந்தையின்மேல் நாம் எறியலாமோ?

இனி, 'தானே வரும்' என்பது. பேச்சு எந்தக் குழந்தைக்கும் தானே வருவதன்று. தமிழ்ப்புலவர் இதனை நன்கு அறிந்திருந்தனர் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகையே சான்று. செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி எனக் குழந்தை வளரும் பருவங்களை அவர்கள் வகுத்தனர். மாதக் கணக்கு நூலுக்கு நூல் சிறிது வேறுபடினும் வரிசை பெரும்பாலும் ஒன்றே. இவற்றுள் குழந்தை தனித்துச் செய்வது ஒன்றுமில்லை என்பதைக் கருதுக. சப்பாணிப் பருவத்தில் தாய் கைகொட்டக் குழந்தை பார்த்துக் கைகொட்டுகிறது. முத்தப் பருவத்தில் அவள் கேட்க அது கொடுக்கிறது. அம்புலிப் பருவத்தில் தாய் நிலவைச் சுட்ட, குழந்தை அவள் விரலைப் பாராமல் விரல் காட்டும் நிலவைப் பார்க்கக் கற்கிறது. இருவர் கண்ணும் ஒரு பொருளின்மேல் படிந்த அந்தக் கணத்தில்தான் 'நிலா' என்னும் சொல்லுக்குப் பொருள் பிறக்கிறது. இன்றைய குழந்தை வளர்ச்சி நூலார் இதனைக் கூட்டுக் கவனம் என்று பெயரிட்டுப் பேச்சின் அடிப்படைகளுள் ஒன்றாக வைத்திருக்கின்றனர். (சப்பாணி என்னும் சொல் பிற்காலத்தில் கால் ஊனமுற்றோரை இகழும் சொல்லாகவும் தெருவில் வழங்குவது நம் மொழிக்கு நேர்ந்த ஒரு சிறுமை.)

அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தையிடம் இப்படிகள் இல்லாமற் போவதில்லை. பிந்தி வருகின்றன, மங்கி வருகின்றன. பிற குழந்தை ஓராண்டில் சுட்டு விரலை நீட்டுமாயின், இது பல மாதங்கள் கழித்துக் கண்ணை மட்டும் திருப்பும். பிறிது 'தா' என்று கத்தும். இது உடலைச் சிறிது முன்னே சாய்க்கும். டவுன் சின்ட்ரோம் உடைய குழந்தைகளுக்குத் தசைகள் தளர்ந்திருப்பதால் நாவும் உதடும் விரைந்து இயங்குவதில்லை. நடுச்செவியில் நீர் கோத்துச் செவிப்புலன் மந்தமாதலும் அவர்களிடையே மிகுதி. ஆகவே எதற்கும் முன்னர்ச் செவியைச் சோதிப்பித்தல் வேண்டும். அவர்கள் சொல்ல இயல்வதைக் காட்டிலும் புரிந்துகொள்வது மிகுதி என்பது மருத்துவர் நன்கறிந்த செய்தி.

தீங்கு நேரும் இடம் இதுதான். குறிப்பு மங்கலாயிருப்பதால் தாய் அதனைக் காண்பதில்லை. காணாமையால் அவள் விடை அளிப்பதில்லை. விடை பெறாத குழந்தை குறிப்புக் காட்டுதலையே குறைத்துக்கொள்கிறது. அது அமைதியான குழந்தை, தொந்தரவு இல்லாத குழந்தை என்று பெயர் வாங்குகிறது. தாயோ, விடை வாராத இடத்தில் யாரும் நெடுநேரம் பேச மாட்டாராதலின், தானும் மெல்ல மெல்ல மௌனியாகிறாள். அல்லது 'உட்கார், வாயைத் திற, எடுக்காதே' என்னும் ஏவல்களே அவள் பேச்சாகின்றன. இவ்வாறு குழந்தையிடம் இருந்த குறையோடு நம்மால் ஆன குறை ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. பிறவிக் குறையை மாற்ற நம்மால் இயலாது. நாம் சேர்த்ததை நீக்க இயலும். பேச்சு வரும் வரை பொறுத்திருத்தல் என்பது அந்த இரண்டாவது குறையை நாளுக்கு நாள் வளர்த்தலேயாம்.

இளமையிலேயே செய்யத்தக்க உதவி என்று வல்லுநர் கூறுவது பெரும்பகுதியும் குழந்தைக்குக் கற்பிப்பதன்று, வீட்டாருக்குக் கற்பிப்பது. குழந்தை எதைப் பார்க்கிறதோ அதன் பெயரைச் சொல்லுக; நாம் காட்ட விரும்பியதன் பெயரையன்று. அது மின்விசிறியைப் பார்க்கும்போது படப்புத்தகத்து யானையை நீட்டிப் பயனில்லை. ஒன்றைக் கேட்டபின் மனத்துள் பத்து வரை எண்ணிக் காத்திருக்க. அத்துணை நேரம் நமக்கு நீளும், குழந்தைக்கு அது வேண்டும். கேளாமுன்னே எல்லாம் கொடுத்துவிடாமல், ஒரு கையில் வாழைப்பழமும் மறு கையில் இட்லியும் வைத்து, எதன்மேற் கண் செல்கிறது என்று பார்த்து அதனைத் தருக. சொல்லோடு கைக்குறிப்பையும் சேர்க்க. கும்பிடு போடுதல், டாட்டா காட்டுதல், இரு கையையும் விரித்து 'இல்லை' என்று காட்டுதல் ஆகியவற்றை நம் வீடுகளில் எல்லாக் குழந்தைக்கும் பழக்குகிறோம். 'இன்னும்', 'போதும்', 'வலி', 'தண்ணீர்' என்பவற்றிற்கும் அவ்வாறே குறிப்புகளை அமைத்து வீட்டார் அனைவரும் ஒரே வகையாகக் காட்டுதல் வேண்டும். கையாற் பேசப் பழகினால் வாயாற் பேசாது என்னும் அச்சம் பெற்றோர் பலரிடம் உளது. நேர்மாறாக, குறிப்பைச் சொல்லோடு சேர்த்துக் காட்டிய இடங்களில் பேச்சுத் தடைப்படவில்லை; வாய்ச்சொல் வரவரக் கைக்குறிப்புத் தானே உதிர்ந்துவிடுவதே வழக்கம்.

சென்னைத் தியாகராய நகரில் 1989-இல் தொடங்கப்பெற்ற மதுரம் நாராயணன் மையம் பிறப்பு முதல் ஆறாண்டு வரையுள்ள இத்தகைய குழந்தைகளுக்கானது. அங்கே குழந்தையோடு தாயும் உடன் இருந்து பயில வேண்டும் என்பதே அதன் முறை. அங்கு வழங்கும் பயிற்சித் திட்டத்திற்கு 'உபநயன்' என்று பெயர். பூணூற் சடங்கின் பெயர் நம்மனோர் செவிக்குச் சிறிது உறுத்தலாம். ஆயின் அருகே அழைத்துச் செல்லுதல் என்பதுதான் அச்சொல்லின் முதற்பொருள், அப்பொருளுக்கு இப்பணி தக்கதே. 1985-இல் தோன்றிக் கோட்டூர்புரத்தில் இயங்கும் வித்யாசாகர், வாய்ப்பேச்சு இயலாதார்க்குப் படப்பலகை முதலிய மாற்றுவழிகளைப் பல்லாண்டுகளாகப் பயிற்றி வருகிறது. படத்தைத் தொட்டால் அதற்குரிய சொல்லை ஒலிக்கும் 'ஆவாஸ்' என்னும் கருவியைச் சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கியதும் அந்நிறுவனத்தின் துணையோடுதான். இரண்டு வயதுக் குழந்தைக்கு அக்கருவி உடனே வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. தண்ணீர்ச் செம்பு, செருப்பு, பாட்டியின் முகம் ஆகியவற்றின் படங்களை அட்டையில் ஒட்டிச் சுவரில் தாழ மாட்டிவைத்தாலே தொடக்கத்திற்குப் போதும்.

இதனை எண்ணுந்தோறும் சூளபந்தகர் வரலாறு நினைவுக்கு வருகிறது. தமையனாகிய மகாபந்தகர் அவரைத் துறவு பூணச் செய்து ஒரு செய்யுளைக் கற்பித்தார். நான்கு மாதம் முயன்றும் அவருக்கு அது நெஞ்சில் நிற்கவில்லை. நீ சாசனத்துக்குத் தகுதியற்றவன், வெளியேறு என்று தமையன் கூற, சீவகன் மாந்தோப்பில் அளித்த விருந்திற்குரிய எண்ணிக்கையிலும் அவர் விடுபட்டார். அழுதுகொண்டு புறப்பட்டவரைப் பகவன் எதிரே கண்டு, வெண்டுணி ஒன்றைக் கையில் கொடுத்து, அழுக்கு நீக்கல் என்னும் பொருளுடைய ஒரு சொல்லை மட்டும் கூறிக்கொண்டு அத்துணியைத் தேய்க்குமாறு பணித்தார். துணி கை அழுக்கால் நிறம் மாறுவதைக் கண்டவர் நிலையாமையை உணர்ந்து அருகதரானார். உரைகாரர் இவருடைய மந்தத்திற்கும் ஒரு முற்பிறப்புக் காரணம் கூறுகின்றனர். அப்பிறப்பில் இவர், பாடம் வாராத ஒரு பிக்குவை நகைத்தாராம். அதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. கதையில் நகைத்தவனுக்குத்தான் எச்சரிக்கை இருக்கிறது. பகவன் அன்று அவருக்கு வினை விளக்கம் கூறிக்கொண்டு நிற்கவில்லை. துணி கொடுத்தார் என்பதே நம் நெஞ்சில் நிற்கிறது. செய்யுள் வழி மூடியிருந்தது. கண்ணின் வழியும் கையின் வழியும் திறந்திருந்தன. திறந்திருந்த வழியைக் கண்டுபிடித்தது மாணாக்கரன்று, ஆசான்.

மீண்டும் லக்ஷ்மிபாய் நகருக்கு வருவோம். அங்குள்ள தமிழ்க் குடும்பத்திற்கு ஊரிலுள்ளோர்க்கு இல்லாத ஓர் இடர் உண்டு. பயிற்சி அளிப்பவர் இந்தியில் பேசுகிறார், அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது, வீட்டில் தமிழ். அறிவு குன்றிய குழந்தை இரண்டு மொழியைத் தாங்காது, ஆகவே தமிழை விட்டுவிடுங்கள் என்னும் அறிவுரை நாட்டின் பல நகரங்களிலும் நல்லெண்ணத்தோடே வழங்கப்படுகிறது. இதற்கு ஆதாரம் இல்லை. கனடாவில் டவுன் சின்ட்ரோம் உடைய குழந்தைகளிடையே நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழி கேட்டு வளர்ந்தோர் ஒரு மொழியே கேட்டு வளர்ந்த அத்தகையோரினும் ஆங்கிலத்தில் தாழ்ந்துவிடவில்லை என்று கண்டனர். ஆராயப்பட்ட குழந்தைகள் சிலரே எனினும் அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் அதே பக்கம்தான் நிற்கின்றன. ஆய்வு கிடக்கட்டும், காய்கறி வாங்கக் கற்ற இந்தியைக் கொண்டு ஒரு தாய் குழந்தையைக் கொஞ்ச முடியுமா? சாய்ந்தாடச் செய்யும் பாட்டும் கை வீசச் செய்யும் பாட்டும் நிலவை அழைக்கும் பாட்டும் அவள் நாவில் எந்த மொழியில் இருக்கின்றனவோ அந்த மொழியில்தான் அவள் முகம் மலர்ந்து பேசுவாள். அதைப் பறித்துவிட்டால் குழந்தைக்கு இந்தி வந்துவிடாது. தாயின் பேச்சுத்தான் போய்விடும். பயிற்சிக் கூடத்தில் இந்தி இருக்கட்டும். பூங்காவில் அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு இந்தி வரட்டும். கைக்குறிப்பும் படமும் இரண்டுக்கும் பொதுவாக நிற்கும்.

தாய், தாய் என்றே எழுதிவந்தோம். உலக வழக்கு அவ்வாறு இருக்கிறது. ஆனால் அது நேர்மையானதன்று. சிகாலனுக்கு இல்லறத்தார் கடமைகளைப் பகவன் விரித்தபோது மக்களைத் தீமையினின்று விலக்குதலையும் கலை பயிற்றுதலையும் தாய் தந்தை இருவர் பெயராலும் வைத்தார். குழந்தை பேசவில்லையென்றால் தாய் பேச்சுக் கொடுக்கவில்லை என்று கூறும் மாமியார் வீட்டார் பலர். நாளெல்லாம் குளிப்பாட்டி ஊட்டித் துவைத்தபின் பயிற்சித் தாளையும் அவள் கையிலேயே திணித்தால், அவளுக்கு அது பயிற்சியாகாது, தண்டனையாகும். அலுவலகத்தினின்று மீளும் தந்தை சட்டை மாற்றுவதற்கு முன் கால் மணி நேரம் தரையில் அமர்ந்து, கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டு, குழந்தை எதைப் பார்க்கிறதோ அதனைப் பார்த்தால், அது சிறிய உதவியன்று. வீட்டையே மருத்துவக் கூடமாக்கி எந்நேரமும் 'சொல்லு, சொல்லு' என்று நச்சரிப்பதும் வேண்டா. விளையாட்டு விளையாட்டாக இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தால் பேச்சு வந்துவிடுமா என்று கேட்பார் உண்டு. சிலருக்கு வரும், சிலருக்குச் சில சொற்களே வரும், சிலருக்கு வாராமலே இருக்கும். வாக்குறுதி கொடுப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். மாத்திரையாலும் எண்ணெயாலும் நாவைத் திருப்புவோம் என்று பணம் பறிப்பவர்கள் தில்லியிலும் உளர், சென்னையிலும் உளர். ஆனால் காது வலிக்கிறது என்று கையால் காட்டத் தெரிந்த குழந்தைக்கும், காரணம் தெரியாமல் இரவெல்லாம் அலறித் தலையை மோதிக்கொள்ளும் குழந்தைக்கும் இடையே உள்ள தொலைவை அத்தகைய வீட்டில் ஓரிரவு தங்கியவர் அறிவார். வேண்டாம் என்று தலையசைக்கத் தெரிந்தவன் தன் விருப்பத்தை உடையவன் ஆகிறான்; தலையசைப்பைப் பிறர் மதித்தால்தான் அவ்விருப்பம் நிற்கும். நம் நாடு 2007-இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும் கருத்துப் பரிமாற்றம் என்பதில் வாய்ப்பேச்சை மட்டும் கொள்ளாமல், சைகை மொழியையும் பிற மாற்றுவழிகளையும் சேர்த்தே பொருள் கூறுகிறது.

அரசு வழியில் கிடைப்பன சிலவற்றையும் குறித்துவிடுவோம். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு பார்த்து, வளர்ச்சிப் பிந்தல் கண்டவிடத்து மாவட்ட மையத்திற்கு அனுப்புதல் வேண்டும். 2021 ஜூனில் எல்லா வகைக் குறைபாட்டிற்கும் பொதுவான இளமைத் தலையீட்டு மையங்கள் 14 தொடங்கப்பெற்றன. அவற்றுள் தில்லியிலும் சென்னையிலும் ஒவ்வொன்று உண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அறிவுசார் குறைபாட்டைத் தான் ஏற்ற 21 வகையுள் ஒன்றாக வைத்துள்ளமையால், அதற்கான சான்றிதழைக் காலத்தில் பெற்றுக்கொள்வது நலம். சான்றிதழ் வாங்கினால் குழந்தைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று அஞ்சி நான்காண்டு கடத்துவோர் உளர். முத்திரையைத் தெரு எப்போதோ குத்திவிடுகிறது, சலுகைதான் கைவிட்டுப் போகிறது.

நம் கூட்டங்களைப் பற்றி ஒரு சொல். மந்திர் மார்க்கிலுள்ள மகாபோதி விகாரைக்கோ நம்மூர்ச் சங்கத்துக்கோ பௌர்ணமி நாளில் இத்தகைய குழந்தையோடு வரும் குடும்பம் பெரும்பாலும் கதவோரத்தில் அமர்கிறது. தியானத்தின்போது குழந்தை ஒலி எழுப்பினால் தாய் எழுந்து வெளியே சென்றுவிடுகிறாள். சில திங்களில் வருவதையே நிறுத்திவிடுகிறாள். அவளை முன்வரிசைக்கு அழைப்போம். திரிசரணம் மும்முறை சொல்லும்போது பிற குழந்தைகள் வாயால் சொல்லட்டும். இக்குழந்தைக்குக் கைகூப்பக் கற்பித்து, அது கூப்பி முடிக்கும் வரை அடுத்த வரியைத் தொடங்காமல் நிற்போம். முதல் நாள் அதற்குப் பத்து எண்ணுமளவு நேரம் ஆகலாம்.